ஆழத்துக்குக் கூடுதல்

ரோச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பங்குப் பள்ளிக்கூட வராந்தாவில் வந்து நின்றபோதே கிருபைக்கு விபரீதம் புரிந்துவிட்டது. அவன் பின்னால் அவன் மனைவி பிளாரன்ஸ். அவளுக்கும் பின்னால் தெரு ஆண்களில் பாதிப் பேர்.

"டீச்சர், இனி வரலைன்னு படகுல சொல்லிட்டேன். என் இடத்துக்கு ஆளும் போட்டாச்சு. நாங்க எப்ப இறங்கணும்?"

கிருபை நாசரேத்துக்காரி, கல்லூரியில் பொருளாதாரம் சொல்லித் தருபவள். புதுத் துறைமுகம் திறந்த அந்த வருஷம், மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர்களிடம் ஆராய்ச்சிக்காக ஒரே கேள்வியோடு வந்திருந்தாள். இப்போது மூழ்கும் இடத்தைவிட ஆழத்தில் இறங்கினால், ஒரு பருவத்தில் ஆயிரம் பேரில் ஒருவர் கூடுதலாகச் சாகலாம். பருவத்துக்கு எவ்வளவு கூடக் கொடுத்தால் போவீர்கள்? ரோச் நேற்று வெகுநேரம் மண்ணைக் கிளறிவிட்டு இருநூறு ரூபாய் என்றான். ஆயிரம் பேருக்கும் இருநூறு. அப்படியென்றால் போகும் ஓர் உயிருக்கு இரண்டு லட்சம். உட்கார்ந்த இடத்திலேயே மனதுக்குள் பெருக்கிவிட்டாள்.

ஆள் எடுக்க வந்தவள் என்று அவர்கள் நினைப்பதும் அவளுக்கு நேற்றே தெரியும். பிளாரன்ஸ் கடையில் கடன் சொல்லி வாங்கிவந்த கலர் சோடாவை நீட்டியபோதே தெரியும். நிஜம் என்று நம்பினால்தான் நிஜமான தொகையைச் சொல்வார்கள் என்று சும்மா இருந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, வேலைன்னு ஒண்ணும் இல்ல. நான் சும்மா கேட்டுப் பாத்தேன்."

ரோச் சிரித்தான். ஏலத்தில் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகரும் வியாபாரியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிளாரன்ஸ் அவன் முதுகில் இடித்தாள்.

"நான் அப்பவே சொன்னேம்லா, இருநூறுன்னு வாயத் தொறக்காதீயன்னு. பெரிய துரை கணக்கா!"

"சரி டீச்சர், நூத்தம்பது."

"இல்ல அண்ணாச்சி, சத்தியமா வேலை இல்ல. தப்பு எம்மேலதான்."

"நூறு. அதுக்குக் கீழ கட்டாது."

ஒரு லட்சம் என்றது அவள் மனம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அது பெருக்கியது. உடம்பு கூசியது அவளுக்கு.

"படகுக்காரர்ட்ட நானே வந்து பேசுதேன், அண்ணாச்சி..."

"எம்பது" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ரோச் சட்டென்று திரும்பினான். "எவம்லே அது?"

ஆண்கள் எல்லாரும் கடலில் எதையோ பார்ப்பதுபோல் நின்றார்கள். பிளாரன்ஸ் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கூட்டத்துக்குள் இறங்கிப் போனாள்.