குழாய்க்கு இடப்பக்கம் மூன்றாவது கதவு

"வெட்டாதம்மா! ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு!"

தையல்காரி காதில் வாங்கவில்லை. மகளின் நீல பனியனை மடியில் விரித்து, முதுகில் இருந்த பத்தாம் எண்ணைக் கத்தரிக்கோலால் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பு அந்த எண்ணுக்கு இரட்டைத் தையல் போட்டவளும் அவள்தான். சுலபத்தில் பிரியவில்லை.

திங்கட்கிழமை விடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவள் மகனைச் சட்டை போடக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கடைத்தெருவில் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு செல்போன் கடையின் பூட்டை யாரோ உடைத்துவிட்டார்களாம். கடைத்தெருவில் எது காணாமல் போனாலும் முதல் விசாரணை இந்தத் தெருவில்தான். அதை யாரும் சட்டமாக எழுதவில்லை. எழுதியிருந்தால் எதிர்த்து வழக்காவது போடலாம்.

"ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள் தையல்காரி. "யாரையும் கேக்கல. வேற எந்தக் கதவையும் தட்டல. நேரா நம்ம வீட்டுக்கு வந்தாங்க. எப்படிடீ தெரிஞ்சுது?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பதினாலு வயதுக்கு அவள் ரொம்ப உயரம். தெருவில் நெட்டை என்றுதான் பெயர். எப்படித் தெரிந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தத் தெருவில் கதவு எண் கிடையாது. எண் எழுத யாரும் வந்ததில்லை, தெருவும் கேட்டதில்லை. போலீஸ் வந்து விசாரித்தால் நூறு வாயும் ஒரே பதில் சொல்லும்: "தெரியாதுங்க." அவர்கள் கதவு கதவாகத் தட்டுவதற்குள் தேடப்படுகிறவன் பின்சுவர் ஏறிப் போய்விடுவான். உண்மையான திருடன் அகப்பட்டதும் திரும்பி வருவான். தெருவுக்கு இருந்த ஒரே வக்கீல் அந்தப் பதில்தான்.

அந்த வக்கீலைப் பதினாலு சிறுமிகள் சேர்ந்து, சிரித்துக்கொண்டே, அனுப்பிவைத்துவிட்டார்கள்.

காவல் நிலையம் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து அணி ஆரம்பித்தபோது, பயிற்சிக்கு வந்த பெண் காவலர் ஒரு பதிவேடு கொண்டுவந்தாள். பெயர், வயது, வீடு. பேனாவும் கையுமாக ஒருத்தர் வந்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டது அவர்களுக்கு அதுதான் முதல்முறை. "குழாய்க்கு இடப்பக்கம் மூணாவது கதவுக்கா! பச்சைத் திரை போட்டிருக்கும்!" என்று நெட்டைதான் முதலில் கத்தினாள். மற்றவர்களும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். அண்ணன் தம்பி, அவர்கள் வேலை என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. கால்பந்துக்கு அண்ணன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, பெண் காவலர் உட்பட. மேலிடத்திலிருந்து வந்த படிவம். முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பினாள்.

பையனைப் பிடித்த செய்தி கேட்டு பெண் காவலர் அன்று காலையே ஓடிவந்தாள். காக்கியில்லாமல்தான் வந்தாள், ஆனாலும் தெருவின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. தையல்காரி மட்டும் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, சனிக்கிழமை நாலு மணிலேருந்து உங்க பையன் மைதானத்துலதான் இருந்தான். பந்துக்கெல்லாம் அவன்தான் காத்தடிச்சான். நான் பாத்தேன்."

"இதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க மேடம்? எனக்கா தெரியாது? அங்க போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்மா. வீட்டைக் காட்டிக்கொடுக்கணும்னு நான்..."

"பிள்ளைங்ககிட்ட வழி கேட்டு எழுதினீங்களே, அப்ப என் கதவை ஒருதரம் தட்டிக் கேட்டிருக்கலாம்ல?"

பெண் காவலர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே நெட்டை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். 'அக்கா' என்று எழுந்து வரவில்லை. அது பெண் காவலருக்கு அடியாக விழுந்தது. காவலர் குடியிருப்பில் அவளுக்கு ஒற்றை அறை, ஒற்றைத் தட்டு. நிலையத்தில் அவளுக்குப் 'பந்து மேடம்' என்று பட்டப்பெயர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றாலும், சாயங்காலம் ஆனால் அக்கா என்று ஓடிவர பதினாலு பேர் இருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நிலையத்தில் ஆய்வாளர் மேசைமேல் அவளுடைய பதிவேடுதான் விரிந்து கிடந்தது.

"பிரமாதம்மா! இத்தனை வருஷம் அந்தத் தெருவுல குருடன் மாதிரி தடவினோம். நீ படமே போட்டுக் குடுத்துட்ட."

"சார், அந்தப் பையன் சனிக்கிழமை என்கூட இருந்தான். அதுலயே, அன்னிக்கு மைதானத்துக்கு வந்தவங்க பேரோட எழுதியிருக்கேன்."

ஆய்வாளர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "வரலைன்னு மாத்திடு. கடைக்காரர் பெரிய இடம்மா. ஞாயித்துக்கிழமை மேலதிகாரி கோப்பை குடுக்க வர்றார். அதுக்குள்ள யாரையாவது காட்டணும்ல? அப்புறம் விட்டுடலாம். அடிக்கிற கைதான் அணைக்கும்."

அவள் பேனாவை எடுத்தாள். வெள்ளைத்தாளில், சனிக்கிழமை நாலு மணி முதல் ஆறரை வரை அவன் எங்கே இருந்தான் என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எழுத்தரிடம் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொண்டாள். ஆய்வாளர் வேறொரு தாளை எடுத்தார். அவளை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு எழுதத் தொடங்கினார்.

பையன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். உதடு கிழிந்திருந்தது, வலதுகை விரல்கள் இரண்டு வீங்கியிருந்தன. சைக்கிள் கடையில் காற்றடித்துப் பிழைக்கிற கை. அவனை விடுவித்தது யார் என்று தெருவுக்குத் தெரியும். பிடித்துக்கொடுத்தது யார் என்றும் தெரியும். ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ள அது கடைக் கணக்கா என்ன?

செவ்வாய் முதல் சனி வரை அவள் மைதானத்தில் தனியாக நின்றாள். பந்தை உதைக்கவும் மனம் வரவில்லை. ஒரு நாயாவது வராதா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினாலு பேரும் வந்தார்கள். ஒருத்திகூட நீல பனியன் போடவில்லை. வீட்டு உடையில் வந்தார்கள். பக்கத்துக் காவல் நிலையத்தின் அணியோடு ஆடி, இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். நெட்டைதான் இரண்டு கோலும். பழக்கத்தில் பெண் காவலர் கை தட்டிவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேலதிகாரி கோப்பையோடு வந்தார். வரிசையில் முதலில் நின்ற நெட்டையிடம் கை நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடுத்தவளும் கட்டிக்கொண்டாள். அப்படியே வரிசை முழுவதும், கடைசிச் சிறுமிவரை.

"என்ன இது?" என்றார் மேலதிகாரி.

"கூச்சம் சார், பொம்பளப் பிள்ளைங்க," என்று ஆய்வாளர் சிரித்தார்.

"கூச்சம் இல்லைங்க சார்." பெண் காவலரின் குரல் மைதானம் முழுவதும் கேட்டது. "திருட்டு நடந்த நேரத்துல இந்தப் பொண்ணோட அண்ணன் என் கண்ணு முன்னாடி இருந்தான். அவனைப் பிடிச்சுட்டு வந்து அடிச்சோம். வீட்டுக்கு வழி எழுதிக் குடுத்தது நான்தான்."

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோப்பையைத் தரையில் வைத்தார்கள். அதற்குப் பின்னால் சிறுமிகள் நிற்க, படம் பிடித்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது நெட்டை அவளைக் கடந்து போனாள். ஒரு கணம் நின்றாள். அக்கா என்று கூப்பிடுவாள் என்று பெண் காவலர் நினைத்தாள். நெட்டை அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு மைதானத்தின் ஓரத்தில் காத்திருந்த அம்மாவிடம் போய்ச் சேர்ந்துகொண்டாள். கோபிக்க நெட்டைக்கு நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் வலித்தது.

மறுநாள் மாற்றல் உத்தரவும் பெட்டியுமாக அவள் பேருந்து நிலையத்தில் நின்றபோது, பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளை விரித்திருந்தார். படம் தெளிவாக வந்திருந்தது. பதினாலு பேர், நிமிர்ந்த தலை, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'காவலர் பயிற்சியில் ஒழுக்கம் கற்ற சிறுமிகள்.'

"பாத்தீங்களா," என்றார் பேப்பர் படித்தவர். "போலீஸ் நினைச்சா எப்பேர்ப்பட்ட தெருப் பிள்ளைங்களையும் திருத்திடலாம்."