முனை ஒடித்துப் பார்த்த கொரியாக் கிட்டார்

கொரியாவில் செய்த எலெக்ட்ரிக் கிட்டார்கள் விடிகாலை லாரியில் கோயம்பேட்டுக்கு வந்து இறங்கும். சாக்கு விரித்துக் குவித்து, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். ரொசாரியோ குவியலிலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்தார். வெண்டைக்காயைப் பார்ப்பதுபோலக் கட்டைவிரலை வைத்து அதன் தலையை அழுத்தினார். டக்கென்று ஒடிந்தது.

கம்பிகள் தொங்கின.

"ஒடிச்சத நீதான் எடுத்துக்கணும் சார்," என்றாள் கடைக்காரி பூங்காவனம்.

"எடுத்துக்கறேம்மா. இப்டி ஒடிஞ்சா நல்லதா, கெட்டதா?"

"கொரியாக் காய் சார் அது."

"நல்லதான்னு கேட்டேன்."

"வெலைக்கு நல்லது," என்று அவர்மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.

ரொசாரியோவுக்கு அது போதவில்லை. மகள் ஷெரின் இந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல்முறையாக வாசிக்கப் போகிறாள். "நல்லதாப் பாத்து வாங்குப்பா" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். அவர் நல்லதாகப் பார்த்து வாங்கிய குடைக்குள் மழை பெய்தது. அவர் நல்லதாகப் பார்த்து வாங்கிய கட்டில் எதிர்வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அவருக்குப் பொருள் பார்த்து வாங்கத் தெரியாது என்பது வீட்டில் ஒருமனதான கருத்து. அவரும் அதை ஆதரித்தே வாக்களித்திருந்தார்.

ஆனால் இந்த முறை விடுவதாக இல்லை. வெண்டைக்காய் ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். கிட்டாருக்கு என்ன கணக்கு என்று தெரியாமல் வீட்டுக்குப் போவதில்லை. ஒடிந்த தலையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, உடலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

தரம் பார்க்கும் ஆபீஸ் வாழைக்காய் மண்டிக்கு மேலே இருந்தது. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே கிட்டார்க் கழுத்துபோல நீளமான நடை. தரையில் குறுக்கே வெள்ளிக் கம்பிகள் பதித்திருந்தன. முதலில் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எட்டு வைக்க வேண்டியிருந்தது. போகப் போக இடைவெளி குறுகியது. கடைசியில் குதிகாலுக்கு இடமில்லாமல் விரல் நுனியில் நடந்தார்.

"கம்பி வெளிம்பு கால்ல குத்துதா?" என்றார் வாட்ச்மேன்.

"அங்கங்க லேசா."

"இந்த வெலைக்கு அப்டித்தான்."

ரொசாரியோ ஒரு கண்ணை மூடி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். "நடுவுல கொஞ்சம் குழிஞ்சிருக்கே."

"குழியலன்னா மேல மீட்டுற கம்பி இதுல தட்டும்."

"அப்போ குழிஞ்சா நல்லதா?"

"நெறையக் குழிஞ்சா கெட்டது. உள்ள போய்க் கேளு."

உள்ளே அதிகாரி ஒருவர் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது. ரொசாரியோ எவ்வளவு கேட்டும் இரைச்சல் நிற்கவில்லை. மேசைமேல் சாய்ந்து, அவருடைய மூக்குக்கண்ணாடிக் கம்பியைத் தொட்டார். நின்றது.

"தொட்டா நின்னுருது. எர்த் சரியா இருக்கு," என்றார் அதிகாரி திருப்தியாக.

"சார், இந்தக் கிட்டார் நல்லதா?" ரொசாரியோ கண்ணாடியை விடவில்லை.

"ஒண்ண வச்சு எப்டி சொல்றது? குவியல்ல இன்னும் கொஞ்சம் ஒடிச்சுப் பாருங்க. ஒப்பிட்டுச் சொல்லிரலாம்."

ரொசாரியோ ஜன்னல் வழியே கீழே பார்த்தார். ஈரத்தில் மினுமினுத்தபடி எல்லாம் அண்ணாந்து படுத்திருந்தன.

"மனசு வரல சார்."

"அப்ப நீங்க பாக்க வேண்டிய ஆள் நான் இல்ல. அந்தக் கதவு."

கதவைத் திறந்தார். அவர் வீட்டுக் கூடம். ஷெரின் ஒரு கையால் தலையைத் துவட்டிக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள். கிட்டாரைத் தலை வேறு உடல் வேறாகக் கொடுத்தார். அவள் ஈரத் துண்டைத் தோளில் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடிக் கிட்டாரின் கழுத்தை நோக்கினாள். கம்பி விளிம்புகளைக் கட்டைவிரலால் நீவினாள். உடலைத் தட்டிக் காதை வைத்தாள். ஒடிந்த தலையை அதன் இடத்தில் பொருத்தினாள். இடுக்கே தெரியவில்லை.

குடை மூலையில் தூறிக்கொண்டிருந்தது.

"வெலைக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லாதம்மா," என்றார் ரொசாரியோ. "நல்லதா, இல்லியா?"

"நல்ல கிட்டார்ப்பா. நீதான் ஒடிச்சிட்ட. ஒட்டிரலாம். பசைய மட்டும் நான் வாங்கறேன்."