ஒரு கட்டமும் காலியில்லை

“முழுக்கை ரவிக்கையா போட்டுக்கோ. நாளைக்கு வர்றவங்க கண்ணுல அந்தத் தடிப்பு பட்டுடக்கூடாது” என்று அலமாரியைக் குடைந்தபடியே சொன்னாள் மாமியார்.

மருமகளுக்கு வியாழக்கிழமையிலிருந்தே காய்ச்சல். மார்பிலும் கையிலும் செந்தடிப்பு; சனிக்கிழமையான இன்று உதட்டிலும் புண். வலிப்புக்கென்று புது மாத்திரை தொடங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. அந்த மாத்திரை இருந்ததே சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்தான். நாத்தனாரைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரத்தில் வலிப்பு, கிலிப்பு என்று வெளியே தெரியலாமா? வலிப்பு மருமகளுக்கு, கறை மட்டும் மகளுக்காம்! என்ன கணக்கோ.

“வாயெல்லாம் எரியுது மாமா. அந்த மாத்திரையாலதான்னு தோணுது. ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துடறேனே” என்று மாமனார் முன்னால் போய் நின்றாள்.

மாமனார் லேசுப்பட்டவரல்ல. மருந்து சாப்பிட்டு யாருக்கு என்ன கோளாறு வந்தாலும் பதிவுசெய்யும் அலுவலகத்துக்கு அவர்தான் தலைமை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், சிவப்பு மையால் சுழித்துத் திருப்பியனுப்பிவிடுவார். டாக்டர்கள் அவருக்கு ‘சிவப்பு மை’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். “தடிப்போட காய்ச்சலும் வாய்ப்புண்ணும் சேர்ந்தா உயிருக்கே ஆபத்து, ஒரு மணி நேரம் தாமதிக்கக்கூடாது. டாக்டர் எழுதலேன்னா நோயாளியே எழுதி அனுப்பலாம்” என்று போன வாரம்தான் மேடையில் முழங்கிவிட்டு வந்திருந்தார்.

அப்பேர்ப்பட்டவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உடம்புச் சூடும்மா, வேறொண்ணுமில்ல. ஆஸ்பத்திரின்னா நாலு பேர் பார்ப்பாங்க. நாளைக்கு ஒரு நாள் பல்லைக் கடிச்சிட்டு இரு” என்றார். அவருக்குத் தெரியாதா என்ன? ஒரே வரியை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பாவே சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப்போகுது?” என்றான் கணவன்.

அவள் நேரே சமையலறைக்குப் போனாள். அலுவலகத்தில் மிஞ்சும் படிவங்களை மாமனார் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். மளிகைச் சீட்டு எழுதப் பின்பக்கம் தோது. மூன்று வருஷமாகப் பின்பக்கத்திலேயே எழுதிவந்தவள், அன்று ஒன்றை முன்பக்கம் திருப்பி எழுத உட்கார்ந்தாள். பிறகு அந்தப் படிவத்தோடு மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, அரைக்கை ரவிக்கையோடு, தெரு பார்க்க நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மாத்திரையை நிறுத்தி, அன்றே அவளைப் படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். இன்னொரு நாள் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். மாப்பிள்ளை வீட்டாரிடம், “மருமக தாய்வீட்டுக்குப் போயிருக்கா” என்று சிரித்த முகமாகச் சொன்னாள் மாமியார்.

திங்கள்கிழமை அலுவலகத்தில் குமாஸ்தாப் பெண் மாமனாரிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு படிவத்தை நீட்டினாள். “சார், நீங்க மேடையில சொன்ன மாதிரியே ஒரு நோயாளியே எழுதியிருக்காங்க. பயிற்சி வகுப்புக்கு இதையே மாதிரியா வச்சுக்கலாம் சார், அவ்வளவு சுத்தம்!”

படிவத்தில் பெயர் கேட்பதில்லை. ஆனால் மளிகைச் சீட்டில் பார்த்துப் பழகிய கையெழுத்து. அவர் சிவப்புப் பேனாவைத் திறந்து, எங்கேனும் சுழிக்க இடம் கிடைக்குமா என்று தேடினார். மருந்து, தொடங்கிய நாள், தடிப்பு தெரிந்த நாள், எல்லாம் இருந்தன. கடைசியாக, ‘சிகிச்சை தாமதமாயிற்றா? காரணம் என்ன?’ அந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டுமென்று மேலிடத்தோடு சண்டை போட்டவரே அவர்தான்.

‘ஆம், இரண்டு நாள். இது என்ன கோளாறு என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தார். பெண் பார்க்க ஆள் வருவதால் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.’

“யாரு சார் அந்தப் பாவி?” என்றாள் குமாஸ்தாப் பெண். பிறகு படிவத்தின் அடியில், ‘சரிபார்த்தேன், உண்மை’ என்ற வரிக்கு நேரே விரலை வைத்தாள். “உங்க கையெழுத்து மட்டும்தான் சார் பாக்கி.”