பெடல் சப்பாத்து

முன்னால் போகும் இரண்டு சைக்கிள்களுக்கும் தன் காருக்கும் நடுவில் ஒரு லோரி நுழைந்துவிடக் கூடாது. கோலகுபு பாருவைத் தாண்டியதிலிருந்து குமுதாவுக்கு அது ஒன்றுதான் கவலை. அவளுடைய சின்ன மைவி கார் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறியது. அணைக்கட்டுத் தண்ணீர் மரங்களுக்கிடையே தெரிந்தும் மறைந்தும் கூடவே வந்தது. இந்தத் தண்ணீர்தான் கீழே இறங்கி, சுற்றி வளைத்து, நம் ஊர்ப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு அடியில் சேறாகப் போய்ச் சேருகிறது என்று பக்கத்து சீட்டிலிருந்த வாகீஸ்வரி அக்கா சொன்னார். குமுதா “ஆமாவா” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் வந்தது தண்ணீரைப் பார்க்க அல்ல.

சைக்கிளில் முன்னால் போனவர் அவள் புருசன் நாராயணசாமி, செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு மேற்பார்வையாளர். பின்னால் போனவர் வாகீஸ்வரியின் கணவர் வைரவநாதன், அரசாங்கத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் சேர்ந்து ஓட்டுகிறார்கள். ஊரான கோல சிலாங்கூரிலிருந்து வயல் வழியாக வடக்கே சுங்கை ஆயர் தாவார் வரைக்கும்கூடப் போய் வந்திருக்கிறார்கள். அது முழுக்கச் சமதரை. ஏற்றமே கிடையாது, கடல் காற்று மட்டும்தான் எதிரி. முன்னால் போகிறவர் நெஞ்சைக் கொடுத்துக் காற்றை உடைக்க வேண்டும், பின்னால் வருகிறவர் அந்த நிழலில் சுகமாக வரலாம். பள்ளம் வந்தால் முன்னவர் முதுகுக்குப் பின்னால் கையைக் காட்ட வேண்டும், பின்னவருக்கு ரோடு தெரியாது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்வது வழக்கம். இவர்கள் மாறிக்கொண்டதே இல்லை. எப்போதும் நாராயணசாமிதான் முன்னால். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, “அவருக்கு வயசாச்சுலா. காத்துக்கெல்லாம் கணக்கு பாப்பாங்களா?” என்று விட்டார்.

குமுதா கணக்குப் பார்க்கிறவள்தான். மூன்று வருசமாக டாக்டர் அவள் வீட்டு கேட்டுக்கு வருகிறார். விடிந்தும் விடியாமலும் வந்து நிற்பார், ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில். “உள்ள வாங்க டாக்டர், ஒரு வாய் கோப்பி” என்பாள் குமுதா. அவர் காலைத் தூக்கிக் காட்டுவார். பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கட்டை வைத்த சப்பாத்து அது. “இது தரையைக் கீறிப்போடும்” என்பார், ரொம்ப மரியாதையாகத்தான். முதலில் அவளும் நம்பினாள். பிறகு ஒருநாள் டாக்டருடைய டயர் வெடித்து, அவரைக் காரில் ஏற்றிப் போக மகன் மயூரன் வந்தான். கேட்டைத் திறந்து விட்டது அவள் மகள் நித்தியா. அதற்கு அப்புறம் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்ததைத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்துகொண்டது.

பிள்ளைகள் இருவரும் உறுதியாக இருந்தார்கள். வருசக் கடைசியில் கல்யாணப் பதிவு வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குமுதா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். பையனைப் பெற்ற அப்பா என் வீட்டுப் படியேறி, உட்கார்ந்து, வாயைத் திறந்து பெண் கேட்க வேண்டும். அது நடக்காமல் நான் எந்த மேடைக்கும் வர மாட்டேன். வாகீஸ்வரி போனில் இரண்டு தரம் பேசினார், நன்றாகவே பேசினார். டாக்டரோ ஞாயிறுதோறும் வந்து கேட்டில் நின்றுவிட்டுப் போனார். டயரைப் பற்றிப் பேசினார், காற்றைப் பற்றிப் பேசினார். போன வாரம்தான் நாராயணசாமியிடம், “ஃபிரேசர் மலைக்கு ஒருக்கால் ஏறிப் பாப்பம். மேல போய்க் கதைப்பம்” என்றாராம். கதைப்பம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் குமுதா வாழைப்பழமும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு காரில் பின்னால் வருகிறாள்.

மலைக்கு என்று நாராயணசாமி பழகியது புக்கிட் மெலாவத்தியில். ஊரில் இருக்கிற ஒரே மேடு அதுதான். வேலை முடிந்து வந்து தினமும் ஏறினார், குரங்குகளே அவரைப் பார்த்து ஒதுங்கி வழி விடும் அளவுக்கு. ஏறுவதை மட்டும் பழகினார். அந்த மேட்டில் இறக்கம் என்பது பிரேக்கைப் பிடித்து விடுவதற்குள் முடிந்துவிடும், அதில் பழக என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

மேலே மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பனி இறங்கியிருந்தது. நாராயணசாமி கடைசி வளைவை எழுந்து நின்று மிதித்து முடித்தார். ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வந்து சேர்ந்தார். குமுதா பொட்டலங்களைப் பிரித்து வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டார்கள். டாக்டர் சம்பலைப் பாராட்டினார், கொடி படர்ந்த சுவரைப் போட்டோ எடுத்தார், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்களைக் காட்டிப் பேசினார். நாராயணசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சம்பளத்துக்கு நிற்கிற ஆள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். புருசன் அப்படி நிற்பது குமுதாவின் கண்ணை உறுத்தியது. பொட்டலங்கள் காலியாயின. டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

“மழை வரும்போல கிடக்கு. இறங்குவமே?”

அவ்வளவுதான். சப்பாத்து ‘டக் டக்’ என்று தார் ரோட்டில் சத்தம் போட, அவர் சைக்கிளை நோக்கி நடந்தார்.

இறக்கத்தில் நாராயணசாமி முதலில் போய்விட்டார். டாக்டர் பின்னால், அவருக்கும் பின்னால் கார். டாக்டர் முதல் வளைவில் நின்று போனை எடுத்துக் காட்டை நோக்கிப் பிடித்தார். அடுத்த வளைவிலும் நின்றார். அதற்கடுத்ததிலும். ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான், தாண்டிப் போகவும் முடியாது. குமுதா ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஏறும்போது அடக்கி வைத்தது இறங்கும்போது தானாக வந்துவிட்டது.

“அக்கா, கேக்கறன்னு கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டு நாக்காலில வந்து உக்காந்தா ஒங்க வீட்டுக்காரருக்கு என்னா கொறஞ்சி போவுது?”

வாகீஸ்வரி மடியில் இருந்த பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“குறையிறதுக்கு ஒண்டுமில்லை, குமுதா. அவருக்குப் பயம்.”

“யார பாத்து? எங்களையா?”

“கிள்ளான்ல இருக்கிற தமக்கையைப் பாத்து. ஒரு தரம் உங்கட வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சா, பிறகு அவவிட்டப் போய்ச் சொல்லோணும். அங்க போகாட்டி இங்கயும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. அதுதான் கேட்டில நிக்கிறார்.” வாகீஸ்வரி கண்ணாடி வழியாகக் கணவருடைய முதுகைப் பார்த்தார். “பேரப்பிள்ளை காணுற வயசு. இன்னும், ‘தோட்டத்து ஆக்களிட்டயோ சம்பந்தம்’ எண்டு அக்கா ஏசுவா எண்டு பயம்.”

குமுதாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பணக்காரத் திமிர் என்று நினைத்தாலாவது எதிர்த்து நிற்கலாம். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டுக் கெத்து என்றால் அதற்குப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியும், அவள் அம்மா தோட்டத்து லயத்தில் இருந்த நாளிலிருந்தே அதைச் சொல்லிப் பழக்கியிருக்கிறாள். பயந்த மனுசனை என்ன செய்வது? அதற்காக மகளைப் பின்கதவு வழியாக அனுப்பி வைப்பதா?

“பயம்னா எல்லாருக்குந்தான் இருக்குக்கா,” என்றாள். “எம்மவளுக்கு இல்லையா?”

வாகீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து ‘டொப்’ என்று ஒரு சத்தம் வந்தது. வெடி மாதிரி. பிறகு இரும்பு தார் ரோட்டில் உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

குமுதாவுக்குக் கால் பெடலில் இருந்ததே மறந்துபோனது. முன்னால் வளைவில் நின்றுகொண்டிருந்த டாக்டர் போனைப் பையில் போடவில்லை, கீழே போட்டார். ஒரு காலை மாட்டினார், மற்றதை மாட்டுவதற்குள்ளேயே வண்டி உருண்டுவிட்டது. குனிந்து, வளைவில் சாய்ந்து, மறைந்தே போனார். வாகீஸ்வரி “ஐயோ, இவர்” என்றார், மெதுவாக.

அடுத்த வளைவிலும் அவர் இல்லை. அதற்கடுத்த வளைவில், புல் மண்டிய கால்வாய் ஓரம், சைக்கிளைக் குறுக்கே போட்டுவிட்டு டாக்டர் மண்டியிட்டிருந்தார். நாராயணசாமி புல்லில் உட்கார்ந்திருந்தார். முட்டி தோல் உரிந்து ரத்தம் வடிந்தது, முழங்கையிலும் சிராய்ப்பு. குமுதா ஓடி வருவதைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

“ஒண்ணும் இல்லலா. பல் டாக்டரு முட்டிக்கு மருந்து போடுறாரு பாரு.”

“வாய மூடுங்க,” என்றாள் குமுதா. தண்ணீர் போத்தலைத் திறந்து புருசன் கையில் கொடுத்தாள்.

டாக்டர் முன்சக்கரத்தின் வளையத்தைத் தொட்டார், சுட்டதும் கையை இழுத்துக்கொண்டார். “மேலயிருந்து பிரேக்கைப் பிடிச்சபடியே வந்தனீங்களோ?”

“விட்டா பறந்துடும்போல இருந்திச்சி டாக்டர்.”

“சூட்டில டியூப் வெடிச்சுப் போச்சு.” அவர் பஞ்சை வைத்து ரத்தத்தை ஒற்றினார். “எனக்கும் பயம்தான். அதுதான் வளைவுக்கு வளைவு நிண்டனான். படம் ஒண்டும் எடுக்கேல்ல.”

குமுதா அவருடைய கையைப் பார்த்தாள். “பின்ன இப்ப மட்டும் எப்படி நிக்காம வந்தீங்க?”

“தெரியேல்ல,” என்றார், நிமிராமல்.

கட்டுப் போட்டு முடித்ததும், இதை நாளைக்கு அவிழ்த்து வேறு கட்ட வேண்டும், தான் வருவதாகச் சொன்னார். குமுதா சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

“கேட்டு வரைக்குமா, டாக்டர்?”

நாராயணசாமி அவளை முறைத்தார். வாகீஸ்வரி பிளாஸ்க் மூடியைத் திருகுவதை நிறுத்தினார். டாக்டர் தன் காலைப் பார்த்தார். சேறும் புல்லுமாக ஒட்டிக்கிடந்த அந்தச் சப்பாத்தை இப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி ரொம்ப நேரம் பார்த்தார்.

“கழட்டிப்போட்டு வாறன்,” என்றார்.

கட்டு மாற்றத்தான் சொன்னாரா, வேறு எதற்குமா என்று குமுதாவுக்குப் பிடிபடவில்லை. வாகீஸ்வரியும் அவள் பக்கம் திரும்பவில்லை. மேல் வளைவில் கிடந்த போனை எடுக்க நடந்துகொண்டிருந்தார்.

டாக்டர் தன் பையிலிருந்த புது டியூபை மாட்டிக் கொடுத்தார். காரில் ஏறச் சொன்னால் நாராயணசாமி கேட்கவில்லை, வந்த வழியை ஓட்டித்தான் முடிப்பேன் என்றார். “அப்ப என்ர பின்னால வாங்கோ,” என்று டாக்டர் முன்னால் போய் ஏறினார். வளைவுக்கு வளைவு நின்று, சக்கரம் ஆறின பிறகு போகலாம் என்றார். நாராயணசாமி ஒரு நொடி தயங்கினார். பின்னால் போய்ப் பழக்கமில்லாத ஆள்.

மழை தூற ஆரம்பித்தது. குமுதா வைப்பரைப் போட்டாள். முன்னால் டாக்டருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து, ஒரு பள்ளத்தைக் காட்டியது. அடுத்து மணல். அடுத்து ஒரு காய்ந்த இலை, அதையும் காட்டியது. ஜன்னல் வழியாக நாராயணசாமியின் குரல் கேட்டது, “டாக்டர், எலைக்கெல்லாம் வேணாம்லா.” டாக்டருக்குக் கேட்டதா தெரியவில்லை. அடுத்த வளைவில் பள்ளமும் இல்லை, மணலும் இல்லை, இலையும் இல்லை. கழுவி விட்ட மாதிரி ரோடு வெறுமனே கிடந்தது. அந்தக் கை அப்போதும் பின்னால் நீண்டு, விரல் விரித்து, மழையில் நனைந்துகொண்டே இருந்தது.