நான்காம் வகுப்பின் சத்தமில்லாத அரட்டை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரை போகும் பஸ்ஸில் அமலராணி டீச்சர் சிரித்துச் சிரித்துச் சொன்னது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்ததால் முழுக்கதையும் கிடைத்தது.

எழுத உட்கார்ந்ததும் முதல் வரி இப்படி வந்தது: ‘மஹ்ஜபீனின் உலகில் ஒலியே இல்லை, அவள் ஒரு சோக—’

அடித்துவிட்டேன். டீச்சரின் நான்காம் வகுப்பில் படிக்கும் அந்தப் பிள்ளைக்குக் காதுதான் கேட்காது. மற்றபடி சரியான வாயாடி. (கையாடி என்று எழுதலாமா? கையாடல் ஞாபகம் வருகிறது. வேண்டாம்.)

2

வாரம் ஒருமுறை வரும் சிறப்பு ஆசிரியர் அவளுக்கு மட்டும்தான் சைகை மொழி கற்றுக்கொடுத்தார். அவளோ அதை வகுப்புக்கே கற்றுக்கொடுத்துவிட்டாள். அமலராணி கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் அரட்டை.

“சத்தம் போடாதீங்கன்னு சொல்லவும் முடியலைங்க. போட்டாத்தானே!” என்றார் பஸ்ஸில்.

3

ஒரு வில்லி வேண்டுமே என்று தலைமையாசிரியை சகாயம்மாளை அப்படி எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. கணக்குப் பரீட்சையில் விடைகள் கைமாறுவதைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

“இனிமே யாரும் கையால பேசக் கூடாது.”

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். மஹ்ஜபீன் இந்தப் பக்கம் திரும்பிப் பேசினாள், அந்தப் பக்கம் திரும்பிப் பேசினாள். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

(அழவைக்கத் தோதான இடம். தாண்டிப் போகிறேன்.)

4

அமலராணி தலைமையாசிரியையிடம் போனார். “அதுங்க பேசுறது தப்பில்லைங்க மேடம். நமக்குப் புரியலைங்கிறதுதான் பிரச்சினை. நான் கத்துக்கப்போறேன். நீங்களும் வாங்க.”

“இந்த வயசுலயா?”

“புள்ளைங்க கத்துக்கிச்சே!”

சகாயம்மாள் யோசித்தார். “பரீட்சையில மட்டும் கையைக் கட்டணும். சரியா?”

அன்று மாலையே டீச்சர் மஹ்ஜபீன் வீட்டு வாசலில் நின்று, ‘ஸ்கூலுக்கு வா’ என்று சைகை காட்டினார். அதாவது, காட்டியதாக நினைத்தார். அவள் உள்ளே ஓடி ஒரு தட்டு இடியாப்பம் கொண்டுவந்தாள். டீச்சர் சாப்பிட்டார். அவள் அம்மா ஜீனத் விழுந்து விழுந்து சிரித்தபடி, காட்டியது ‘பசிக்குது’ என்ற சைகை என்று டீச்சருக்கும், வந்த காரணத்தை மகளுக்கும் விளக்கிச் சொன்னார். மறுநாள் மஹ்ஜபீன் வந்தாள்.

5

அமலராணியும் சகாயம்மாளும் கடைசி பெஞ்சில். மஹ்ஜபீன் கரும்பலகை முன்னால். முதல் பாடம், பெயர் வைப்பது. சைகை மொழியில் ஆளைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். சகாயம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவள் ஒரு சைகை செய்தாள். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டது.

“என்னடி அது? யாராச்சும் சொல்லுங்க.”

முன் பெஞ்சு ரஞ்சனி தயங்கித் தயங்கிச் சொன்னாள். சகாயம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தானும் செய்து பார்த்தார். தப்பாக வந்தது. மஹ்ஜபீன் அவர் விரலைப் பிடித்துத் திருத்தினாள்.

அது என்ன சைகை? டீச்சர் எனக்குச் செய்தே காட்டினார். ‘வலது கையைத் தாடைக்குக் கீழே கொண்டுபோய், புருவத்தை—’

இல்லை, எழுத்தில் வரவில்லை. நீங்கள் படித்த பள்ளியின் தலைமையாசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைக் கீழே வையுங்கள். இரண்டு கையும் காலிதானே?

வையுங்கள் ஒரு பெயர்.