எந்தக் கையைத் தூக்குவது?

"வலது கை மேல" என்றார் வகுப்பாசிரியை.

ஐந்தாம் வகுப்பின் முன்வரிசைகளில் கைகள் விறுக்கென்று உயர்ந்தன. "இப்போ இடது" என்றதும் கடைசி பெஞ்சில் ஐந்து கைகள் எழுந்தன. ஐவரில் ஒரு பையன் குழம்பிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். வகுப்பாசிரியை அவனிடம் நடந்துபோய் வலது கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினார்.

"இது உனக்கு எழுதறதுக்கு மட்டும். பரீட்சை சார் வர்ற அன்னிக்கு மேல வரவே கூடாது. வந்துச்சு, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்."

வகுப்பு சிரித்தது. அந்தப் பையனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகும் என்று அவனுக்குத் தெரியும்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் பாடக்குறிப்போடு நின்றிருந்தாள் பயிற்சி ஆசிரியை. மாலையில் ஆசிரியர் பயிற்சி வகுப்பு, பகலில் பேருந்து முன்பதிவு கவுன்ட்டர் என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருப்பவள், செய்முறைத் தேர்வுக்காக லீவு போட்டு வந்திருந்தாள். எழுதியதை அழித்து அழித்து மறுபடி எழுதுவாள் என்பதால் கூடப் படிப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரப்பர். செய்முறைப் பாடத்தில் போன வருடம் தோற்றிருந்தாள். இந்த முறையும் தோற்றால் பயிற்சியிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். தேர்வில் பாதி மதிப்பெண் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கையில். மீதிப் பாதி இந்த வகுப்பாசிரியையின் கையில்.

ஏற்பாடு எளிமையானது. என்ன கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்ப வேண்டும். இடது கைக்காரர்கள் கூட்டம் காட்ட மட்டும். அவர்கள் யார் யார் என்று வருடத் தொடக்கத்திலேயே முடிவாகியிருந்தது. பதில் தெரிகிறதோ இல்லையோ, அந்த ஐந்து பேருக்கும் எப்போதும் இடது கைதான்.

'எல்லோருக்குமான வகுப்பறை' என்பதுதான் இந்த வருடத் தேர்வின் தலைப்பு. எல்லாப் பிள்ளைகளும் பங்கேற்கிறார்களா என்பதற்குத் தனி மதிப்பெண் உண்டு. அதற்காகத்தான் இத்தனை ஒத்திகையும்.

பிள்ளைகள் வெளியே போனதும் பயிற்சி ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டாள், பின் பெஞ்சுக்கும் ஒரு சின்னக் கேள்வியாவது கொடுக்கலாமா என்று. வகுப்பாசிரியை கண்ணாடியைத் துடைத்தபடியே அவளைப் பார்த்தார்.

"சட்டியில இருந்தாதானம்மா அகப்பையில வரும். அதுங்க வீட்ல எவன் படிச்சிருக்கான்? அந்தச் சலவைக்கடைக்காரன் பொண்ணு இருக்கே, வாயைத் திறந்தா சம்பந்தம் இல்லாம ஏதாவது கேக்கும். உனக்குப் பாஸாகணுமா, சமூக சேவை செய்யணுமா?"

அவளுக்குப் பாஸாக வேண்டியிருந்தது. அன்று மாலை வகுப்பில் இதைச் சொல்லிப் புலம்பியபோது துணிக்கடை அக்காவும் அதையேதான் சொன்னாள். துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவள் அவள். இவளுடைய தேர்வுக்கு மறுநாள் அதே ஐந்தாம் வகுப்பில் அவளுக்கும் தேர்வு இருந்தது. ஊரோடு ஒத்துப் போ என்றாள். வேலை கிடைத்த பிறகு உன் நியாயத்தை எல்லாம் அவிழ்த்து விடு, யார் வேண்டாம் என்றது என்றாள். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. பாடக்குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த 'பின் பெஞ்சு?' என்பதை அவள் அழித்தாள்.

தேர்வு நாளில் தேர்வாளர் நாற்காலியைப் பின்னால் போடச் சொல்லிக் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வெயிலில் அலைந்து வந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. வகுப்பாசிரியை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பாடம், தண்ணீர் ஆவியாதல். முதல் கேள்விக்கே வகுப்பு முழுக்கக் கைகள். தேர்வாளரின் புருவம் ஏறியது, பேனா ஓடியது. அவள் வலது கை ஒன்றை எழுப்பினாள். சரியான பதில். அடுத்த கேள்வி, மறுபடியும் வலது கை, மறுபடியும் சரி. கேட்பதும் சொல்வதும் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் ஓடியது. அதில்தான் வினை வந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்த பாடம், ஒத்திகையைவிட வேகமாக ஓடி, மணியடிக்க நிறைய நேரம் இருக்கும்போதே முடிந்துபோனது. அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"நேரம் இருக்கேம்மா, இன்னும் கேளு" என்றார் தேர்வாளர்.

அவள் வாயில் வந்ததைக் கேட்டாள். வெயிலே இல்லாத அறை, கொடியில் ஈரத்துணி. ஃபேன் போட்டால் சீக்கிரம் காய்கிறது. ஏன்?

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. தூக்கிய வலது கைகள் தடுமாறின. முன்வரிசையில் ஒன்று இறங்கியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் ஒன்று. பிறகு வரிசை வரிசையாக எல்லாம் இறங்கின. கடைசி பெஞ்சின் ஐந்து இடது கைகள் மட்டும் அப்படியே நின்றன. என்ன கேட்டாலும் இறக்கக் கூடாது என்பதுதானே அவர்களுக்கு இட்ட கட்டளை.

தேர்வாளர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "பரவாயில்லையே. இங்க அஞ்சு பேருக்குத் தெரியுது. கேளும்மா."

வாசலில் வகுப்பாசிரியை தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினார். பயிற்சி ஆசிரியை அதைப் பார்த்தாள். ஆனால் வேறு எந்தக் கையும் மேலே இல்லை. சலவைக்கடைக்காரர் மகளைக் கைகாட்டினாள்.

அந்தப் பெண் எழுந்தாள். இடது கையை இறக்காமலே நின்றாள். முதலில் வாசலைப் பார்த்தாள், பிறகு கரும்பலகையை.

"நான் லெஃப்ட் டீச்சர்" என்றாள். "என்னைக் கேக்க மாட்டீங்கன்னு சொன்னாங்களே."

தேர்வாளரின் பேனா நின்றது. "லெஃப்ட்டுன்னா?"

வகுப்பாசிரியை சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏதோ விளையாட்டு என்றார். இந்தப் பெண்ணுக்கு எப்போதும் இப்படிக் கதை கட்டிவிடுகிற பழக்கம் உண்டு என்றும் சொன்னார். சொல்லும்போதே அவர் கை அந்தப் பெண்ணின் தோளில் விழுந்து, உட்காரும்படி அழுத்தியது.

பயிற்சி ஆசிரியைக்கு அந்த நேரத்தில் வழி திறந்தே இருந்தது. ஆமாம் சார், விளையாட்டு என்று ஒரு வார்த்தை போதும். பாஸ். பழியை ஒரு பத்து வயதுப் பெண் சுமந்துகொண்டு போவாள். அவளுக்கு அது புதிதும் அல்ல.

"இல்ல சார்" என்றாள். "அது நாங்க வச்ச ஏற்பாடு. இடது கை தூக்கினா கேக்க மாட்டோம். பிள்ளைங்க மேல தப்பு இல்ல."

வகுப்பாசிரியையின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண்ணிடம், "சரி, கேட்டாச்சுல்ல. பதில் தெரியுமா?" என்றார்.

"பாதி தெரியும் சார். ஈரத்தைக் காத்து எடுத்துக்கிட்டுப் போயிடும். எங்க கொண்டு போகுதுன்னு தெரியல. அதத்தான் டீச்சர்கிட்ட கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கேன்." அவள் தன் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "பதில் சொல்றவங்கன்னா வலது, சொல்லாதவங்கன்னா இடது. சந்தேகம் கேக்கணும்னா எந்தக் கை சார்?"

யாரும் சிரிக்கவில்லை.

வராந்தாவில் தேர்வாளர் பயிற்சி ஆசிரியையைப் பாராட்டவில்லை. இந்தக் கைக் கணக்கைப் பல பள்ளிகளில் பார்த்திருப்பதாகச் சொன்னார். பார்த்தும் பாராமல் மதிப்பெண் போட்டிருப்பதையும் அவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார், சொல்லவில்லை. தன்மேல் வந்த அந்தக் கோபமும் சேர்ந்து அவள்மேல் இறங்கியது.

"மாட்டிக்கிட்ட பிறகு உண்மை சொன்னதுக்கு மார்க் கிடையாதும்மா. இன்னிக்கு நடத்தினது செல்லாது. அடுத்த வாரம் இதே வகுப்பு, ஒத்திகை இல்லாம. அன்னிக்கும் இப்படின்னா உன் ஃபார்ம்ல போட்டிருக்கற அந்த பஸ் கவுன்ட்டர்லயே உக்காந்து டிக்கெட் கிழி."

செய்தி அதற்குள் துணிக்கடை அக்காவுக்குப் போயிருந்தது. போனில் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நீ நல்லவளாகறதுக்கு எங்க தலையை ஏன்டி உருட்டுற? நாளைக்கு என் பாடத்துல அந்த ஆளு ஒவ்வொரு கையா எண்ணப் போறான்" என்று சொல்லித் துண்டித்தாள்.

ஸ்டாஃப் ரூமில் பையை எடுக்கப் போனபோது வகுப்பாசிரியை காத்திருந்தார். மற்ற ஆசிரியைகள் நோட்டுகளைத் திருத்துவதுபோல் தலை குனிந்துகொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்" என்றார் அவர். "என்னை ஒரு வெளியாள் முன்னாடி நிக்க வச்சுட்ட. நான் என்ன, அதுங்களை அடிச்சேனா? சாப்பிட விடாமப் பண்ணேனா? வெளியில நிறுத்தினேனா? சொல்லு. அதுங்களுக்கும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே புத்தகம்தானே?"

பயிற்சி ஆசிரியை வழக்கம்போல் சொல்ல வந்ததை மனதுக்குள் எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள். இந்த முறை அழிக்க மனம் வரவில்லை.

"அடிக்கல டீச்சர். கேக்காம விட்டீங்க. நானும் மூணு நாளா விட்டேன். ஒரு பிள்ளையை ஒதுக்கி வைக்கக் கதவைச் சாத்தணும்னு இல்ல, உள்ளேயே உக்கார வச்சு எதுவுமே கேக்காம இருந்தா போதும். எல்லாருக்கும் இடம் கொடுத்துட்டோம்னு நாம சொல்லிக்கலாம். கேக்கவும் சொல்லவும் கொடுக்காத இடம் இடமே இல்ல டீச்சர்."

"பேசக் கத்துக்கிட்ட" என்றார் வகுப்பாசிரியை. "அடுத்த வாரம் பாதி மார்க் என் கையிலதான். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு டீச்சர்."

வெளியே வந்தாள். ஐந்தாம் வகுப்பு வாசலில் சலவைக்கடைக்காரர் மகள் நின்றிருந்தாள். அவளைக் கண்டதும் கை தூக்கப் போனாள். எதைத் தூக்குவது என்று தெரியாமல் பாதியிலேயே நிறுத்தினாள்.

"கை வேண்டாம்" என்றாள் பயிற்சி ஆசிரியை. "கேளு."