மூன்று விரலுக்கு ஒரு கட்டம்

கோவில்பட்டியில் இசக்கிதுரையின் பட்டறையில் இருந்த கித்தார் ஒன்று, அவர் பகலெல்லாம் சீவச் சீவ, விடிவதற்குள் மறுபடி வளர்ந்து நின்றது. உளுந்தும் பாசியும் கருகிப்போன அந்த வருசத்தில் எங்கள் கரிசலில் வளர்ந்தது அது ஒன்றுதான். அதனால் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை.

வளர்ந்தது கித்தாரின் கழுத்து, அதாவது இடது கை விரல்கள் நரம்பை அழுத்துகிற பகுதி. விடிந்து அளந்தால் கம்ப்யூட்டர் சொன்ன அளவுதான் இருக்கும். வெளியூர் ஆர்டர்கள் குவிய ஆரம்பித்ததும், யாருக்கு எந்த மரம், என்ன அளவு என்று பார்த்துக்கொள்ள ஒரு சாப்ட்வேரை வாங்கிப் போட்டிருந்தார் இசக்கிதுரை. அது வந்த நாள் முதல் பட்டறை மரமெல்லாம் அவர் உளியை விட்டுவிட்டு அதன் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. வலது கையா, இடது கையா என்று கேட்க அதற்குத் தெரியும். கையில் எத்தனை விரல் என்று கேட்கத் தெரியாது. புதூர் வள்ளிமயிலுக்கு இடது கையில் மூன்று விரல்தான்; மற்ற இரண்டும் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி மருந்து பற்றியபோது போயின. கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வாசிக்கிற குழுவில் இருந்தவள். வைகாசிக் கொடைக்குள் மேடை ஏறாவிட்டால் வேற ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அவளுக்காக ஒடுக்கமான கழுத்து அளவைப் பதிந்தால், 'தவறான அளவு' என்று சிவப்பில் காட்டி, தன் அளவையே போட்டுக்கொண்டது அந்தச் சனியன். ஆர்டரை அழித்துப் பார்த்தார். கித்தாரே காணாமல் போனது. திரும்ப ஏற்றிய பிறகுதான் பெஞ்சுக்கு வந்தது.

'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று திரையின் ஒரு மூலையில் எழுதியிருந்தது. இசக்கிதுரை நம்பினார். விரல் எத்தனை என்று கேட்க ஒரு கட்டம் போடுங்கள் ஐயா என்று மரியாதையாகத்தான் எழுதினார். 'மேலான கருத்துக்கு நன்றி, பிரித்திகா' என்று சாப்ட்வேர் கம்பெனிப் பெண்ணிடமிருந்து பதில் வந்தது. மாசி போனது, பங்குனி போனது. மரியாதை தேய்ந்து வசவாயிற்று. நல்ல முற்றின வசவு, கழுகுமலை பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டாலும் காது கூசும். அதற்கும் அதே நன்றி! செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது ஊதுகிறவனுக்கு மூச்சுப் பயிற்சி.

கொடை நெருங்கியது. வள்ளிமயில் வந்து வாசித்துப் பார்த்தாள். விரல் எட்டவில்லை. "விடுங்க அண்ணாச்சி, ஆடு மேய்க்க ரெண்டு விரல் போதும்லா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு வெறி ஏறியது. கொல்லைக்கு ஓடிக் கரிசல் வெடிப்பில் இருந்து ஒரு பிடி மண்ணை வாரினார். எங்கள் பக்கம் மண்ணை வாரித் தூற்றுவது விளையாட்டில்லை; வேறு வழியே அற்றவன் செய்வது. 'உங்க எல்லாருக்கும் மூணு விரலாப் போகட்டும், அப்பத் தெரியும்' என்று ஒரு கையால் கீபோர்டில் தட்டி, மண்ணைத் திரையில் வீசி, அனுப்பிவிட்டார். அந்தச் சாப்ட்வேருக்குள் போனதெல்லாம் நிசமாகும் என்பது கோவத்தில் மறந்துபோயிற்று.

மறுநாள் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் இடது கையில் மூன்று விரல். காயமில்லை, ரத்தமில்லை, பிறவியிலேயே அப்படி என்பது போல இருந்தது. மத்தியானத்துக்குள் விரல் கேட்கும் கட்டம் வந்துவிட்டது. பிரித்திகா போனில் கூப்பிட்டாள். "நீங்க கேட்டதைச் சேர்த்தாச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குச் சடை பின்ன முடியல சார்" என்று வைத்துவிட்டாள்.

இசக்கிதுரை மூன்று என்று பதிந்து கழுத்தைச் சீவினார். அது வளரவில்லை. வள்ளிமயிலை வரச் சொல்லி, பிரித்திகா போனில் சொன்னது உட்பட நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். அவள் முகம் கறுத்தது. விரல் போன அன்றைக்குக்கூட அவள் அப்படிக் கொதித்ததில்லை.

"எங் கை உங்களுக்குச் சாபமா அண்ணாச்சி? ஊரான் தலையில தூத்துறதுக்கா வச்சிருக்கேன்? இந்தக் கையோட நான் சமைக்கேன், ஆடு பத்துதேன், வாசிக்கேன். அந்தத் தாய்க்கு விரல் வராம நான் இதத் தொட மாட்டேன், பாத்துக்கிடுங்க."

கித்தாரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டாள். கொடைக்கு மூன்றே நாள். இசக்கிதுரை பிரஷ்ஷை எடுத்துப் கீபோர்டுப் பொத்தான்களுக்கு இடையில் விழுந்திருந்த மண்ணை மணி மணியாகக் கூட்டி, அந்த வெடிப்பிலேயே கொண்டுபோய்ப் போட்டார். பிறகு எழுதினார்: 'விரலைத் திருப்பிக் குடுங்க. கட்டத்தை மட்டும் எடுத்துராதீங்க. சாபம் விட்டது தப்பு. கோவப்பட்டது தப்பில்ல.'

'மேலான கருத்துக்கு நன்றி, பிரித்திகா' என்றுதான் பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'சடை பின்னியாச்சு.' அதை அவர் புதூருக்கு நேரில் போய்க் காட்டினார். வள்ளிமயில் இரண்டு தடவை படித்துவிட்டு, கித்தார் எங்கே என்று கேட்டாள்.

கொடையில் வள்ளிமயில் விடிய விடிய வாசித்தாள். கட்டம் இன்றைக்கும் இருக்கிறது. பட்டறையில் எப்போதாவது மரம் வளர்ந்தால் இப்போது யாரும் உளியைத் தேடுவதில்லை. ஆர்டர் கொடுத்தவரைக் கூப்பிட்டு, உங்களிடம் என்ன கேட்காமல் விட்டோம் என்று விசாரிக்கிறார்கள்.